தீவனப்புல்லுக்கு உண்மையான சந்தை எங்கே? கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துப் பால்காரர்கள் சொல்லுங்கள்

வடகரப்பதி_தோப்பு

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, வடகரப்பதி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தோப்புக்குள் கொஞ்சம், மேட்டுக்காட்டில் தனியாக ஒன்றரை ஏக்கர், தீவனப்புல் போட்டு அறுத்து விற்கலாம் என்று யோசனை. இறங்கும் முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்.

வேலந்தாவளம் வழியாக வைக்கோல் ஏற்றிய லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் தமிழ்நாட்டு வைக்கோல். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை மூன்று பஞ்சாயத்திலும் வீட்டுக்கு வீடு கறவை மாடு இருக்கிறது, ஆனால் மாடு வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலம்தான். புல் போட இடமில்லை. வைக்கோலும் மூட்டைத் தீவனமும் வாங்கித்தான் சமாளிக்கிறார்கள். பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அப்படியானால் பசும்புல்லை வாங்க ஆள் இருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் நான் பார்த்தவரை இங்கே புல்லை யாரும் தொடர்ந்து விற்பதில்லை. விற்கப்படுவதெல்லாம் கரணைதான், அதாவது நடுவதற்கு வெட்டிய தண்டுத்துண்டு. போனைத் திறந்தால் சூப்பர் நேப்பியர், ரெட் நேப்பியர், ஸ்மார்ட் நேப்பியர் என்று வரிசையாக விளம்பரம். கரணை ஒன்றுக்கு இத்தனை ரூபாய், ஏக்கருக்கு இத்தனை டன் என்கிறார்கள். நட்டு வளர்த்த புல்லை யாரிடம் கொடுப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு ஹெக்டேருக்கு வருஷம் 360 டன் என்று போட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு 145 டன் வருகிறது. நம் தண்ணீருக்குப் பாதி என்று வைத்தாலும் 70, 75 டன். இதை எடுக்க ஆள் இருக்கிறார்களா, என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதுதான் கேள்வி. விற்றுப் பார்த்தவர்களும் வாங்கிப் பார்த்தவர்களும் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

கோபாலபுரம்_தம்பி

அண்ணா, நான் கரணை விற்றவன். முதல் வருஷம் நல்ல வியாபாரம். இன்று என்னிடம் வாங்கினவர்கள் எல்லாரும் பக்கத்துத் தோட்டத்துக்குச் சும்மாவே வெட்டிக் கொடுக்கிறார்கள். கரணைச் சந்தை ஊருக்கு ஒருமுறைதான் ஓடும்.

விதைக்கடை_பொள்ளாச்சி

தம்பி சொல்வதன் காரணம் அந்தப் புல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. இரண்டையும் சேர்த்தால் பிள்ளைக்கு 21. அது ஒழுங்காக இரண்டாகப் பிரியாது, அதனால் விதை பிடிக்காது. கோ 4, கோ 5, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சுகுணா, சுப்ரியா எல்லாமே இந்தக் குடும்பம்தான். விதை இல்லாததை நான் பையில் போட்டு விற்க முடியாது. வாங்கினவர் மறுபடி கடைக்கு வரவும் மாட்டார். அதனால்தான் பெரிய விதைக் கம்பெனிகள் கம்பு நேப்பியர் பக்கம் தலைவைப்பதில்லை, வேலை முழுக்க அரசு, பல்கலைக்கழகம் தலையில் விழுகிறது.

பிரேசிலில் கதை வேறு. அங்கே மாடு மேய்ப்பது பிராக்கியாரியா என்ற புல்லிலும் கினியாப்புல்லிலும். இந்த இரண்டும் மகரந்தம் கலந்தாலும் தாயை அச்சாகப் பிடித்த விதையையே கொடுக்கும். ஒரு நல்ல ரகத்தைப் பிடித்துவிட்டால் லட்சக்கணக்கான ஏக்கருக்கு விதை போட்டு விற்கலாம். அங்கத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் எம்ப்ராபா 1984இல் வெளியிட்ட மரண்டு ரகம் அப்படித்தான் நாடு முழுக்கப் பரவியது. 1993இல் வந்த மொம்பாசா கினியாவும் அப்படியே. இந்தப் புல்லெல்லாம் பிறந்த இடம் ஆப்பிரிக்கா. மரண்டு ஜிம்பாப்வேயிலிருந்து போனது. அங்கே இருந்து போய், தென்னமெரிக்காவில் தேறி, இப்போது விலைக்கு விதையாக ஆப்பிரிக்காவுக்கே திரும்பி வருகிறது.

கொலம்பியாவில் உள்ள சியாட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மூன்று இனப் பிராக்கியாரியாவைக் கலந்து முலாட்டோ 2 என்ற ஒட்டுரகம் கொண்டுவந்தது. மெக்சிகோ கம்பெனி ஒன்று விதை விற்கிறது. வறட்சி தாங்கும், மண் மட்டமானாலும் வரும், இலை அதிகம். கென்யாவில் மக்காச்சோளக் காட்டைச் சுற்றி வரப்புப் பயிராகவும் போடுகிறார்கள். தண்டு துளைப்பான் பூச்சியை இது வெளியே இழுத்துக்கொள்ளும். ஆனால் அங்கேயும் நம் ஊர்ச் சிக்கலேதான். விதை விலை அதிகம் என்பதால் ஒருவர் வாங்கி, தூர் பிரித்துப் பத்துப் பேருக்குக் கொடுத்துவிடுகிறார்.

என் கடையில் வருஷா வருஷம் நிற்காமல் ஓடும் தீவன விதை கோ.எஃப்.எஸ். 29 சோளம்தான். பல அறுப்பு வரும், மானாவாரிக்கும் தாங்கும், விதையாக விற்கலாம். சந்தை என்று நீங்கள் கேட்பது விதைச் சந்தையானால் அது இவ்வளவுதான்.

வடகரப்பதி_தோப்பு

விவரமாகச் சொன்னீர்கள், நன்றிங்க. நான் கேட்பது அறுத்த புல்லுக்கு. விதை, கரணை இரண்டும் எனக்கு வேண்டாம்.

எருத்தேம்பதி_பால்

தம்பி, நான் வாங்குகிற ஆள். மூன்று கறவை, ஒரு கிடேரி. நிலம் வீட்டடி மட்டும். அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

புல் வாங்கியிருக்கிறேன். இப்போது வாங்குவதில்லை. முதல் காரணம், சொன்னபடி வருவதில்லை. இரண்டு நாள் வரும், அப்புறம் ஆள் கிடைக்கவில்லை, மழை, கரண்ட் இல்லை என்று நாலு நாள் வராது. மாட்டுக்குத் தீனி மாறினால் பால் உடனே இறங்கிவிடும். மறுபடி புல் வந்தாலும் உடனே ஏறாது. வைக்கோல் அப்படி இல்லை, அட்டத்தில் கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் உருவிப் போடலாம்.

இரண்டாவது, முற்றின புல். விற்கிறவருக்கு எடை வேண்டும், அதனால் ஆள் உயரத்துக்கு மேல் வளரவிட்டு அறுக்கிறார்கள். கட்டைப் பிரித்தால் அடியில் கரும்பு மாதிரி தண்டு. மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுவிடும். காலையில் தொட்டியைக் கழுவும்போது அள்ளிக் கொட்டினேன். காசு கொடுத்து வாங்கினதைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? என்னிடம் புல் நறுக்கும் மிஷின் கிடையாது. மூன்று மாட்டுக்கு அதை வாங்கிக் கட்டுப்படி ஆகாது.

மூன்றாவது, பனியோடு அறுத்து, ஈரத்தோடு எடை போடுகிறார்கள். தண்ணீருக்கும் சேர்த்து நான் காசு கொடுக்கிறேன்.

இந்த மூன்றையும் சரி பண்ணினால் நான் மட்டும் இல்லை, எங்கள் தெருவே வாங்கும். பணத்தைச் சங்கத்துப் பால் பட்டுவாடாவில் பிடித்துக்கொண்டால் ரொம்ப நல்லது. கையில் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குக் காசு தினமும் இருக்காது.

சித்தூர்_கால்நடை (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

எருத்தேம்பதி அம்மா சொன்னதில் இந்த இழையின் விடை பாதி வந்துவிட்டது. மீதியைக் கணக்காகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டுச் சோதனை. அறுத்த கோ 5 புல்லில் சரியாக 1 கிலோ எடுங்கள். பொடியாக நறுக்கிச் சாக்கில் பரப்பி, கையில் நொறுங்கும் வரை வெயிலில் காயவிடுங்கள். மறுபடி எடை போட்டால் 200 கிராம் பக்கம் நிற்கும். இளசாக அறுத்திருந்தால் அதற்கும் கீழே போகும். மற்றதெல்லாம் தண்ணீர். வைக்கோலில் அதே 1 கிலோவில் 900 கிராம் காய்ந்த பொருள் இருக்கிறது. மாட்டுக்கு நாம் கொடுக்க வேண்டியது காய்ந்த பொருள்தான். 400 கிலோ கலப்பினக் கறவைக்கு நாளைக்கு 10 முதல் 12 கிலோ வேண்டும்.

பசும்புல் கிலோ 4 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் காய்ந்த பொருள் என்றால் அதன் கிலோ விலை 22 ரூபாய். வைக்கோல் கிலோ 9 ரூபாய் என்று வைத்தால் காய்ந்த பொருள் 10 ரூபாய்க்கு வருகிறது. வாங்குபவர் வாயால் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார், ஆனால் மனசுக்குள் போட்டுவிடுவார். அதனால்தான் வைக்கோல் லாரி நிற்காமல் வருகிறது.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம். 45 நாளில் அறுத்த கம்பு நேப்பியரில் நடைமுறையில் 8 முதல் 10 வரும். ஆகவே பசும்புல் போட்டிபோட வேண்டியது மூட்டைத் தீவனத்தோடு. பயறு வகையும் கலந்த நல்ல பசுந்தீவனம் 10 கிலோ கொடுத்தால் அடர்தீவனத்தில், அதாவது மூட்டைத் தீவனத்தில், 1 கிலோ வரை குறைக்கலாம் என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. அடர்தீவனம் கிலோ 30 ரூபாய் என்றால் பசுந்தீவனத்துக்கு மேல் விலை 3 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் வாங்குபவருக்கு லாபம் இல்லை. மூட்டை விலை ஏறினால் இதுவும் ஏறும். உங்கள் விலையை மூட்டை விலையில் பத்தில் ஒரு பங்கு என்று கட்டி வையுங்கள், சண்டையே வராது.

புல் மட்டும் போட்டால் அந்த 3 ரூபாய் கூட நியாயமில்லை. மூன்று வரிசை கம்பு நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனச்செடி போடச் சொல்லிப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. சேர்த்து அறுத்து, சேர்த்துக் கட்டி விற்கலாம்.

இன்னொன்று, விற்பவர்கள் யாரும் சொல்லாதது. கம்பு நேப்பியரில் ஆக்சலேட் உண்டு. இளம்புல்லில் அதிகம். அதையே வயிறு முட்டப் போட்டால் உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கன்று போட்ட கையோடு மாடு படுத்துவிட்டது என்று என்னை அழைத்த வீடுகளில் இந்தத் தீனிப் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். தாது உப்பு தினமும் வேண்டும், வைக்கோலும் கொஞ்சம் கலந்தே போட வேண்டும். பசும்புல் விற்பவர் வைக்கோலை எதிரியாகப் பார்க்கக் கூடாது.

கோபாலபுரம்_தம்பி

டாக்டர், சூப்பர் நேப்பியரில் 16, 18 சதவீதம் புரதம் என்று போடுகிறார்களே?

சித்தூர்_கால்நடை

தம்பி, அது தாய்லாந்தில் பாக்சோங் என்ற ஊரில் உருவான ரகம். நல்ல புல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புரதம் என்பது ரகத்தைவிட அறுக்கும் வயதையும் போட்ட எருவையும் பார்த்தே வரும். 40, 45 நாளில் அறுத்தால் ஒரு கணக்கு, 75 நாளில் அறுத்தால் வேறு கணக்கு. ஏக்கருக்கு அதிக டன் வருவது 75 நாளில், அதிகப் புரதம் வருவது 40 நாளில். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே வரியில் போடுகிறார்கள். ஒரே அறுப்பில் இரண்டும் கிடைக்காது.

குப்பம்_சோளம்

ஆந்திரா பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு குரல். குப்பத்தில் எங்களுக்கும் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, எல்லா வீட்டிலும் மாடு. இங்கே பசும்புல் வியாபாரம் நின்று, ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) வியாபாரம் பிடித்துக்கொண்டது. மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து இறுகும் பருவத்தில் தட்டையோடு அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி, பிளாஸ்டிக் சுற்றி உருளையாகக் கட்டி விடுகிறோம். காய்ந்த பொருள் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும், மாவுச்சத்து உண்டு, மாதக்கணக்கில் கெடாது. அக்கா சொன்ன "இன்று வரும் நாளை வராது" என்ற பிரச்சினைக்கு இதுதான் மருந்து. வடகரப்பதி அண்ணா புல்லை விட்டு இதற்கு வரலாமே?

விதைக்கடை_பொள்ளாச்சி

மக்காச்சோளத்துக்கு ஒவ்வொரு முறையும் உழவு, விதை, உரம். அண்ணன் கேட்பது ஒருமுறை நட்டுச் சில வருஷம் அறுக்கிற பயிர். கம்பு நேப்பியரையே ஊறுகாய்ப்புல் ஆக்கலாமே?

குப்பம்_சோளம்

ஆக்கலாம், ஆனால் அப்படியே போட்டால் வராது. தண்ணீர் அதிகம், சர்க்கரை குறைவு. புளிப்புச் சரியாக ஏறாமல் அழுகல் நாற்றம் அடிக்கும், அடியில் கறுப்புத் தண்ணீர் வடியும். அறுத்துப் பாதி நாள் வாடவிட்டு, நறுக்கி, வெல்லப்பாகுக் கழிவு தெளித்துக் கெட்டியாக மிதிக்க வேண்டும். நன்றாக வந்ததைத் திறந்தால் மோர் மிளகாய்ப் பானையைத் திறந்த மணம் வரும், நிறம் பழுத்த ஆலிவ் பச்சை. கையில் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மழைக்காலத்தில் மிஞ்சுகிற புல்லுக்கு மட்டும் இதைச் செய்து கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். முழு வியாபாரத்தையும் இதில் கட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொரங்காடு_காங்கேயம்

எல்லாரும் போர்த் தண்ணீரில் புல் வளர்ப்பதையே பேசுகிறீர்கள். வடகரப்பதியும் எருத்தேம்பதியும் மழை மறைவு. ஆழியாற்றுத் தண்ணீருக்கு வருஷா வருஷம் போராட்டம் நடக்கிற இடம். அங்கே தண்ணீரை இறைத்து, அதைப் புல்லாக்கி, அந்தப் புல்லின் தண்ணீரை வண்டியில் ஏற்றி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காங்கேயத்தில் நாங்கள் கொரங்காடு என்ற மானாவாரி மேய்ச்சல் காடு வைத்திருக்கிறோம். கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேலமரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழை பெய்தால் புல், பெய்யாவிட்டால் காய்ந்த புல். இறைப்பும் இல்லை, அறுப்புக் கூலியும் இல்லை, மாடே போய் மேய்கிறது. தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. இதுவும் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றின புல்தான்.

சித்தூர்_கால்நடை

கொரங்காட்டை மதிக்கிறேன். ஆனால் அது காங்கேயம் மாட்டுக்கு ஏற்ற ஏற்பாடு. வீட்டுக்கு இரண்டு கலப்பின மாடும் பத்து சென்ட் நிலமும் உள்ளவருக்குக் கொரங்காடு எங்கே கிடைக்கும்? தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் முழுக்கச் சரி. மேட்டுக்காட்டில் சொட்டுநீர் இல்லாமல் கம்பு நேப்பியர் போடுவதாக இருந்தால் வேண்டாம் என்றே நானும் சொல்வேன். வருஷத்தில் நாலு மாதம் தண்ணீர் இல்லை என்றால் அந்த இடத்தில் கோ.எஃப்.எஸ். 29 சோளமும் கொழுக்கட்டைப்புல்லும்தான். சோளத்தைப் பூக்கும் முன்னால், வாடிக் கிடக்கும்போது அறுத்துப் போடாதீர்கள், நஞ்சு ஏறி மாடு நின்ற இடத்தில் சாய்ந்துவிடும்.

வடகரப்பதி_தோப்பு

மேட்டுக்காட்டுக்குச் சொட்டுநீர் உண்டு டாக்டர். தோப்புக்குள் என்ன போடுவது? தென்னைக்கு 15 வயது.

விதைக்கடை_பொள்ளாச்சி

அந்த வயதுத் தோப்பில் நிழல் அதிகம். தென்னைக்கு 7, 8 வயது வரை வெளிச்சம் இருக்கும், அப்புறம் 25 வயது வரை மட்டை மூடிக்கொள்ளும், பிறகு மரம் உயர்ந்து மறுபடி வெளிச்சம் விழும். நடுவில் கம்பு நேப்பியர் போட்டால் மெலிந்து நீளும், பாரம் வராது. நிழலுக்குக் கினியாப்புல்லும் காங்கோ சிக்னலும் பரவாயில்லை. காங்கோ சிக்னல் என்று கேரளாவில் நெடுநாளாகப் போடுவது பிராக்கியாரியாதான், முலாட்டோவுக்குப் பாட்டன் முறை. ஹரிதா, ஹரிதஸ்ரீ என்று கேரள ரகக் கினியாவும் இருக்கிறது. தென்னைக்கு உண்டான உரத்தையும் தண்ணீரையும் புல் பங்குபோட்டுக்கொள்ளும், அதனால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஆறடி விட்டுவிடுங்கள்.

பால்சங்கம்_செயலர்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சங்கத்தில் செயலராக இருக்கிறேன். எருத்தேம்பதி அக்கா கேட்டதற்குப் பதில்: பட்டுவாடாவில் பிடித்தம் செய்ய முடியும். மூட்டைத் தீவனத்துக்கு அப்படித்தான் செய்கிறோம், புல்லுக்கும் கமிட்டி தீர்மானம் போட்டால் போதும். காலையில் பால் ஊற்ற எல்லாரும் ஒரு இடத்துக்கு வருகிறார்கள், கேனோடு திரும்பிப் போகிறார்கள். அந்த நேரத்தில் சங்க வாசலில் புல் கட்டு இருந்தால் எடுத்துப் போய்விடுவார்கள். வீடு வீடாக வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

தூரம் முக்கியம். ஒரு டன் பசும்புல் ஏற்றினால் 180 கிலோதான் தீனி. ஒரு டன் வைக்கோலில் 900 கிலோ. வைக்கோல் தஞ்சாவூரிலிருந்து வந்தாலும் கட்டுப்படி ஆகும், புல்லுக்குப் பக்கத்து ஊர் தாண்டினாலே டீசல் தின்றுவிடும். எனவே உங்கள் சந்தை உங்கள் காட்டைச் சுற்றி உள்ள இரண்டு மூன்று சங்கம். இந்தியாவில் 19 கோடி மாடு இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு உதவாத எண்.

அந்த இரண்டு மூன்று சங்கத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எங்கள் சங்கத்தில் நிலம் இல்லாமல் மாடு வைத்திருப்பவர்கள் நிறைய, அதில் பெண்கள் அதிகம். பாலில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) இறங்கி விலை குறைந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். வெறும் வைக்கோலில் ஓடுகிற மாட்டின் பாலை மிஷினில் வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கு ஒழுங்கான புல் கிடைக்க வேண்டும் என்று எனக்கு மனதார ஆசை. அதற்காகவே கமிட்டியில் பேசத் தயார்.

வடகரப்பதி_தோப்பு

செயலர் ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். 20 மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ என்றால் 300 கிலோ. ஒன்றரை ஏக்கரை 45 பாத்தியாகப் பிரித்து, தினம் ஒரு பாத்தி அறுத்தால் புல் எப்போதும் 45 நாள் வயதில் இருக்கும். அக்கா சொன்ன முற்றின தண்டுப் பிரச்சினையும் போய்விடும். ஏக்கருக்கு 75 டன் என்றால் நாளைக்கு 300 கிலோ வருகிறது. கணக்கு சரிதானே?

சித்தூர்_கால்நடை

வருஷக் கணக்குக்குச் சரி, மாதக் கணக்குக்குச் சரியில்லை. மழைக்காலத்தில் 500 கிலோ நிற்கும், பிப்ரவரி மார்ச்சில் 150க்கு இறங்கும். மார்ச்சில் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவுக்கே வாக்குக் கொடுங்கள். மிஞ்சினதைக் குப்பம் தம்பி சொன்னபடி வாடவிட்டு ஊறுகாய்ப்புல் போட்டு வையுங்கள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 75 டன் புல்லில் காய்ந்த பொருள் பதிமூன்றரை டன். 9 சதவீதம் புரதம் என்றால் அதில் ஏறக்குறைய 195 கிலோ தழைச்சத்து. யூரியாவாகச் சொன்னால் 45 கிலோ மூட்டையில் ஒன்பதுக்கு மேல். ஒரு ஏக்கரிலிருந்து வருஷா வருஷம் இவ்வளவு வெளியே போகிறது, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தனி. சொந்த மாட்டுக்குப் போடுபவருக்குச் சாணமாகத் திரும்பி வரும். விற்பவருக்கு வராது. மூன்றாம் வருஷம் தூர் மெலிந்துவிட்டது, ரகம் கெட்டுவிட்டது என்று சொல்பவர்களின் காட்டில் கெட்டது பெரும்பாலும் மண்தான்.

அதனால் புல் கொண்டுபோகும் வண்டி வெறுமனே திரும்பக் கூடாது. வாங்குபவர்களிடமிருந்து சாணத்தை எடுத்து வாருங்கள். கொட்டகை கழுவின தண்ணீரும் கிடைத்தால் இன்னும் நல்லது, மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்து நிறைய.

எருத்தேம்பதி_பால்

சாணம் போட எனக்கு இடமே இல்லை டாக்டர். பக்கத்து வீட்டில் வாசம் என்று தினம் பேச்சு. எடுத்துப் போனால் புண்ணியம். புல் விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டால் இன்னும் சந்தோஷம்.

பால்சங்கம்_செயலர்

கேரளாவில் பாதி வீட்டின் பிரச்சினை இது. இடமில்லாமல் மாட்டையே விற்றவர்கள் உண்டு. சாணத்துக்கு விலை வைத்தே தீர்மானம் எழுதலாம்.

விதைக்கடை_பொள்ளாச்சி

பிராக்கியாரியாவுக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல குணம் சொல்லியாக வேண்டும். அதில் ஹூமிடிகோலா என்ற இனத்தின் வேர் விடும் ஒரு பொருள் மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி அடித்துப் போவதைத் தடுக்கிறது. ஜப்பான் ஆராய்ச்சியாளர்களும் சியாட்டும் சேர்ந்து 2009இல் அந்தப் பொருளைப் பிரித்துக் காட்டி, பிராக்கியாலாக்டோன் என்று பெயர் வைத்தார்கள். காங்கோ சிக்னல் வேறு இனம், அதனால் அதிலும் இதே அளவு கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கோபாலபுரம்_தம்பி

என்னிடம் இன்னும் கரணை இருக்கிறது அண்ணா. சும்மாவே தருகிறேன்.

சித்தூர்_கால்நடை

தம்பிக்கு நல்ல மனசு. ஆனால் ஒரே இடத்துக் கரணையால் காடு முழுக்க நிரப்ப வேண்டாம். கென்யாவிலும் உகாண்டாவிலும் நேப்பியர் குட்டை நோய் வந்து, இலை மஞ்சளாகி, தூர் சுருங்கி, ஊர் ஊராகப் புல் போனது. பூச்சியும் பரப்பியது, நோய் பிடித்த கரணையை ஒருவருக்கொருவர் கொடுத்ததும் பரப்பியது. எல்லாரும் ஒரே ரகத்தில் நின்றால் அந்த அபாயம் கூடும். பாதி கோ 5, பாதி கேரள ரகம் என்று போடுங்கள்.

கொல்லங்கோடு_புதியவர்

இழை முழுவதும் படித்தேன், ரொம்ப உதவியாக இருந்தது. எனக்கு அரை ஏக்கர்தான். கரணை எங்கே வாங்குவது, எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்வீர்களா?

வடகரப்பதி_தோப்பு

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் தீவனப்பயிர்த் துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள். நம் பக்கம் பாலக்காடு தோணியில் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியத்தின் பண்ணை இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள். எடுக்கும்போது மூன்று மாதம் வளர்ந்த தண்டின் நடுப்பகுதியைப் பாருங்கள். நுனி இளசு, அழுகிவிடும். அடிக்கட்டை முளைக்கத் தாமதமாகும். ஒரு கரணைக்கு இரண்டு கணு, ஒன்று மண்ணுக்குள், ஒன்று வெளியே. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50. அரை ஏக்கருக்கு 6,700 கரணை பிடிக்கும், பழுதுபோக 7,000 என்று சொல்லி வையுங்கள். வெட்டின அன்றே நட முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். முதல் அறுப்பு 75, 80 நாளில். அதை விற்காமல் உங்கள் மாட்டுக்கே போட்டு, தொட்டியில் எவ்வளவு மிச்சம் விடுகிறது என்று பாருங்கள்.

செயலர் ஐயா, கமிட்டி எப்போது கூடுகிறது என்று தனியாகச் செய்தி அனுப்புங்கள். எருத்தேம்பதி அக்காவும் வந்தால் வாங்குபவர் பக்கத்தை அவரே சொல்லட்டும்.

எருத்தேம்பதி_பால்

வருகிறேன் தம்பி. சாயங்காலக் கறவை முடிந்த பிறகு வையுங்கள். எங்கள் தெருவில் இன்னும் நாலு பேரைக் கூட்டி வருகிறேன்.